திரிக்கு எடுத்த பஞ்சு

எங்க வீட்டுக்காரருக்கு நல்ல குரலு. அதை நான் இல்லைன்னு சொல்லல. தீப்பெட்டி ஆபீசுல கணக்கெழுதுத மனுஷன், கோயில் கொடையில மைக்கைப் புடிச்சு ரெண்டு வார்த்தை பேசினா பொம்பளைங்க அடுப்பை அணைச்சுட்டு வந்து கேப்பாளுவ. ரேடியோ நாடகத்துல நடிக்கக் கூப்பிட்டிருக்காவன்னு அவிய திருநெல்வேலிக்கு பஸ் ஏறின அன்னைக்கு, வேட்டிய வெளுத்து மடிச்சுக் குடுத்தது இந்தக் கைதான். இந்தக் கையில கொள்ளிய வைக்க!

நாடகத்துக்குப் பேரு 'பஞ்சு வாசல்'. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம கோவில்பட்டிப் பக்கம் ஒரு பருத்தி மில்லுல நடக்குத கதை. வருஷத்துக்கு ஒரு பாகம், மொத்தம் மூணு பாகம். வெள்ளிக்கிழமை தோறும் வெளக்கு வச்ச நேரத்துக்குப் போடுவான். அப்பல்லாம் டிவி ஏது? எங்க தெருவுல ரேடியோப் பெட்டி இருந்ததே எங்க வீட்டுலதான். தெருப் பொம்பளைங்க ஒட்டுத தீப்பெட்டியையும் பசைக் கிண்ணத்தையும் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்கு வந்துருவாளுவ. கை பாட்டுக்கு ஒட்டும், காது பெட்டிக்குள்ள கெடக்கும். கதை சூடு புடிச்சுட்டா கையும் நின்னு போவும். பசை காஞ்சு, மறுநாள் பெட்டி பிரிஞ்சு, ஆபீசுல ஏச்சு வாங்கினவளுவ நெறைய.

அதுல எங்க வீட்டுக்காரருக்கு என்ன வேஷம்னு நெனைக்கிய? கேட் மேஸ்திரி வேஷம். சாயங்காலம் சங்கு ஊதினதும், பருத்தி பொறுக்குத பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வாசல்ல வந்து நிக்கணும். மில்லுப் பஞ்சை மடியில ஒளிச்சுக் கொண்டு போறாளான்னு பாக்கதுக்கு, முந்தியையும் கொசுவத்தையும் அவுத்து எல்லாரு முன்னாலயும் உதறிக் காட்டணும். மேஸ்திரி கையில கம்போட நிப்பான். தொண்டைய ரெண்டு தடவை செருமுவான். பொறவு, "உதறு தாயி, உதறு"ன்னுவான். மாவு சலிக்கச் சொல்லுத மாதிரி அவ்வளவு சாதாரணமாச் சொல்லுவான்.

தாயின்னு கூப்பிட்டுக்கிட்டே இதைச் செய்யச் சொல்லுதான் பாருங்க, அதுலதான் சனத்துக்கு வயிறு எரிஞ்சுது. "கரிமுடிவான், பேதியில போவான்"னு எங்க வாசல்ல உக்காந்துக்கிட்டே ஏசுவாளுவ. "ஏட்டி, அது என் புருசன்ட்டி"ன்னா, "நீ சும்மா கெட சுப்புத்தாயி, நாங்க மேஸ்திரியத்தான் ஏசுதோம்"ன்னு பெட்டியப் பாத்துக் கையை நெட்டி முறிப்பாளுவ. தெருப் பிள்ளைங்க அவிய பின்னாலயே "உதறு தாயி உதறு"ன்னு கத்திக்கிட்டு ஓடும். சந்தையில ஒரு கிழவி அவியளுக்குக் கத்தரிக்காய் நிறுக்க மாட்டேன்னுட்டா. அவியளுக்கோ பெருமை பிடிபடல. "நடிப்புன்னா அப்படி இருக்கணும்ட்டி"ன்னு மீசையத் தடவிக்கிட்டாவ.

எனக்குப் பெருமையெல்லாம் மொத வெள்ளிக்கிழமை அந்தச் செருமல் வாரது வரைக்கும்தான். அது எங்க அய்யா செருமல்.

எங்க அய்யா சிவனாண்டி, வாலிபத்துல இருந்து தலை நரைக்கது வரைக்கும் பருத்தி மில்லுல கேட் மேஸ்திரியா இருந்தவரு. அம்மா போன பொறவு எங்க வீட்டோட வந்துட்டாரு. தெருவே அவரை மேஸ்திரி அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். ஒரு பேச்சுவார்த்தைன்னா மொத நாற்காலி அவருக்குத்தான். அப்பேர்ப்பட்ட மனுஷர் செருமலையும் சொல்லையும் அப்படியே தூக்கிக் கொண்டு போயி ஊரெல்லாம் காறித் துப்புத வேஷத்துக்குப் போட்டிருக்காவ, பெண்ணெடுத்த மருமகன்!

"எங்கய்யாவ வித்துட்டா வந்திருக்கிய?"ன்னு அன்னைக்கு நான் ஆடின ஆட்டத்துல அடுக்களைப் பாத்திரம் ஒண்ணும் ஒழுங்கா நிக்கல.

"ஏட்டி, மாமாவா சொன்னதுதான்ட்டி. கறிச்சோறு ஆக்கின அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னாவ, கேட்டுல இப்படித்தான் நிப்பேன், இப்படித்தான் செருமுவேன், ஒருநா ஒருத்தி மடியில பஞ்சைப் பிடிச்சேன்னு. நாடகம் எழுதுதவருகிட்ட நான் அதை மட்டுந்தான் சொன்னேன். மத்ததெல்லாம் அவரா ஜோடிச்சது."

"ஒரு மனுஷன் சோறு தின்னுட்டுச் சொன்னதையா ஊருக்குப் போடுவாவ?"

"யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியலங்குதேன்! ரெண்டாவது வாரத்துலயே வாசல்ல ஒருத்திய ஒருத்தி இடிச்சுக்கிட்டு உள்ள கட்டில்ல சாஞ்சிருக்குத எங்க அய்யாவக் கண்ணால காட்டுதாளுவ. அவரு பாவம், ஒண்ணும் தெரியாதவரா, "அவன் அவன் வேலையத்தான செய்யுதான்? கேட்டுல நில்லுன்னா நிக்கத்தான செய்யணும்?"னு அந்த மேஸ்திரிக்காகப் பரிஞ்சு பேசுதாரு. அவரு பேசப் பேச இவளுவ முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்குதாளுவ. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருக்கும். எங்க அய்யா மானஸ்தன். சித்தப்பா ஒரு சொல்லு சொன்னாருன்னு, சித்தப்பா சாகுத வரைக்கும் அந்த வீட்டுப் படிய மிதிக்காதவரு. ஊரு சிரிக்குதுன்னு காதுல விழுந்தா, அன்னையோட சோத்துல கைய வைக்க மாட்டாரு. நாடகம் முடியுத வரைக்கும் அவரு காதுக்கு எட்டாமப் பாத்துக்கிட்டாப் போதும் சாமின்னு நான் கும்பிடாத தெய்வமில்ல.

ரெண்டாம் பாகத்துலதான் அந்தத் திரி வந்துச்சு. பொன்னின்னு ஒருத்தி. பிள்ளை செத்துப் போயி, அதைப் புதைச்ச எடத்துல வெளக்கேத்த வீட்டுல ஒரு திரிக்குக்கூடப் பஞ்சு இல்ல. மில்லுல ஒரு துணுக்கு எடுத்து மடியில சொருகிக்கிட்டு வாரா. கேட்டுல மேஸ்திரி செருமுதான். "உதறு தாயி, உதறு." பஞ்சு விழுது. எல்லாரும் பாக்காவ. பொன்னி அழுதா. அன்னைக்கு எங்க வாசல்ல அழாதவ கெடையாது. இசக்கியம்மாள்னு ஒருத்தி, சண்டைக்காரி, அவளே மூக்கைச் சிந்திச் சிந்திப் பசைக் கிண்ணத்துல விட்டா.

அழாதது ஒருத்திதான். கோடி வீட்டு வேலுத்தாயி சித்தி. புருசன் இல்ல, பிள்ளை இல்ல. சின்ன வயசுல எங்க அய்யா மேஸ்திரியா இருந்த மில்லுல பருத்தி பொறுக்கினவ. "திரியாம்லா, திரி!"ன்னு ஒரு சொல்லு. சேலையில ஒட்டியிருந்த தூசியத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. என்ன கல்நெஞ்சுக்காரிடா இவன்னு நெனைச்சேன்.

ஆனா பொம்பளைங்க விடுவாளுவளா? இவளும் அந்த மில்லுக்காரி, பிள்ளை வேற செத்துப் போச்சுன்னு கேள்வி. "சித்தி, அந்தப் பொன்னி நீங்கதான?"ன்னு பிடிச்சுக்கிட்டாளுவ. வேலுத்தாயி சித்தி ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. சொல்லாததையே ஆமான்னு எடுத்துக்கிட்டாளுவ. அதுல இருந்து குழாயடியில அவளுக்குத் தனி மரியாதை. எங்க ஊருல தண்ணி படுத பாடு ஒங்களுக்குத் தெரியும்லா? கொடத்துக்குக் கொடம் மண்டை உடையுத ஊரு. அங்கன, "சித்தியை முன்ன விடுங்கட்டி, பாவம், திரிக்குப் பஞ்சு எடுத்த மனுஷி"ன்னு வழி விடுதாளுவ. அவளும் தலையக் குனிஞ்சுக்கிட்டு முன்ன போயிப் பிடிச்சுக்கிட்டுப் போவா.

எனக்குத்தான் எரிஞ்சுது. எங்கய்யா பேரை இவதான் தெருவுல பரப்பி விடுதான்னு ஒருநா குழாயடியிலயே சண்டைக்கு ஏறிட்டேன். "ஒரு கொடம் தண்ணிக்காவ எங்கய்யாவ நாறடிக்குதியளோ?"ன்னு கேட்டேன். அவ கோவப்படல. "நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல தாயி. சொல்லவும் மாட்டேன்"ன்னுட்டுப் போயிட்டா.

மூணாம் பாகம் முடியுத வாரம் வந்துச்சு. ஊருல வேற பேச்சே இல்ல. டீக்கடையில, தீப்பெட்டி ஆபீசுல, பஸ் ஸ்டாண்டுல எல்லாம் மேஸ்திரி எப்படிச் சாவாங்கிறதுதான். எந்திரத்துல கை மாட்டணுங்கா ஒருத்தி. குஷ்டம் வந்து அழுவணுங்கா இன்னொருத்தி. "அவனைக் கேட்டுல நிறுத்தி, வேட்டிய அவுத்து உதறச் சொல்லணும்ட்டி"ன்னா இசக்கியம்மாள். வாசலே சிரிச்சுது. உள்ள கட்டில்ல எங்க அய்யா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

அவியகிட்டக் கெஞ்சினேன், "என்னதான் முடிவு, சொல்லுங்களேன்"ன்னு. "தெருவே அழும் பாரு"ன்னு சொன்னாவளே தவிர வேற ஒரு வார்த்தை வாயில வரல. சரி, என்ன எழவு முடிவா இருந்தாலும் அன்னைக்கு அய்யா வீட்டுல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். "அய்யா, கழுகுமலை முருகனுக்கு ஒரு நேர்ச்சை கெடக்கு, தொணைக்கு வாங்க"ன்னு வெள்ளிக்கிழமை மத்தியானமே பஸ் ஏத்திட்டேன். மலையச் சுத்தி, சாமியக் கும்பிட்டு, வேணும்னே மெதுவா நடந்து, மெதுவா தின்னு, பொழுது சாயப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, கோவில்பட்டி பஸ் அப்பத்தான் போயிருக்கு. அடுத்த பஸ்ஸு வரட்டும்னு டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம்.

என் புத்தியச் செருப்பால அடிக்க. டீக்கடைன்னா ரேடியோ இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

கடைக்காரன் பெட்டிய எடுத்து வெளிய மேசையில வச்சு முழுச் சத்தத்துக்குத் திருகினான். எங்கிருந்து வந்தாவளோ, தீப்பெட்டி ஆபீசு விட்டு வந்த சனம் பூராவும் சுத்தி நின்னுட்டுது. "அய்யா, வாங்க, அங்கிட்டுப் போயி நிப்போம்"னு கையப் பிடிச்சு இழுத்தேன். "இருட்டி, டீ குடிச்சுக்கிடுதேன்"ன்னு அசையாம இருந்துட்டாரு.

கடைசிக் காட்சி. மேஸ்திரி வேலையில இருந்து நிக்குத நாளு. மாலை போட்டு அனுப்புதாவ. கேட்டுக்கு வாரான். அங்கன புதுசா வந்த மேஸ்திரி கம்போட நிக்கான். "எல்லாருக்கும் ஒரே சட்டம். துண்டை உதறும்"ங்கான். கழுகுமலைச் சனம் கையத் தட்டிச்சு பாருங்க, "நல்லா வேணும், நல்லா வேணும்!"னு. எனக்கு உசுரே போயிருச்சு. எங்க வீட்டுக்காரரு குரலு நடுங்குது பெட்டிக்குள்ள. துண்டை உதறுதாவ. அதுல இருந்து ஒரு துணுக்குப் பஞ்சு விழுது. திரியாத் திரிச்ச பஞ்சு. "பொன்னி பிள்ளைக்கு வருஷா வருஷம் நாந்தான் வெளக்குப் போடுதேன். இந்த ஒரு திரியத்தான் இந்த மில்லுல நான் திருடினது"ன்னு சொல்லி அழுதாவ. அதோட சங்கு ஊதி முடிஞ்சு போச்சு.

பொறவு ஒரு பொம்பள, "பாவம்யா அந்த மனுஷன்"னா. "உள்ளுக்குள்ள தங்கமா இருந்திருக்கான், நாமல்லா தெரியாம ஏசிட்டோம்"னா இன்னொருத்தி. கடைக்காரன் கண்ணத் தொடைச்சுக்கிட்டே டீ ஆத்துதான். எனக்குச் சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். முருகா, காப்பாத்திட்டப்பான்னு மலையப் பாத்துக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரரு வாய்க்குச் சர்க்கரை போடணும்னு நெனைச்சேன். இனி எவ சிரிப்பா? இனி எங்கய்யா தெருவுல தலை நிமிந்து நடக்கலாம்.

சிரிச்சுக்கிட்டே அவரு பக்கம் திரும்பினேன். டீ கிளாசு கையிலயே இருக்கு. ஒரு வாய் குடிக்கல.

"அது நான்தானட்டி"ன்னாரு.

"நாடகம்தானய்யா"ன்னேன்.

"மொத வாரமே தெரியும். என் செருமலே எனக்குத் தெரியாதா? ஏசட்டும், நல்லா ஏசட்டும்னுதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஏசினது சரி. இது சரியில்லட்டி." சனம் கேக்காதபடி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "அது திரிக்கு எடுத்த பஞ்சு இல்ல."

"பொறவு எதுக்கு?"

பெத்த மகள்கிட்ட எந்த அய்யாவும் சொல்லாத சொல்லு அது. கடைசியில, "வேலுத்தாயிக்கு அன்னைக்கு வீட்டுக்குத் தூரம்"னாரு. "மூணு தடவை உதறச் சொன்னேன். மூணாவது தடவை விழுந்தது ஈரப் பஞ்சு. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. வரிசை பூரா பாத்துக்கிட்டு நிக்கி. விட்டுட்டா மேஸ்திரி ஏமாந்துட்டான்னு சொல்லிருவாவன்னு நெனைச்சேன். கம்பால தூக்கித் தராசுல போட்டேன். மில்லுப் பஞ்சு மில்லுப் பஞ்சுதான், நிறுங்கலேன்னேன்."

மாத்துத் துணிக்குக்கூட வழியில்லாத ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்கு வராட்டாக் கூலி இல்லைன்னு வந்தவ, அவ மடியில வச்சிருந்ததையா தராசுல போட்டாரு? இந்தக் கையப் பிடிச்சுத்தான நான் நடை பழகினேன்? பஸ் வந்துச்சு. பக்கத்துப் பக்கத்து சீட்டுலதான் உக்காந்தோம். கோவில்பட்டி வாரது வரைக்கும் என் தோளு அவரு மேல பட்டிரக் கூடாதுன்னு ஜன்னலோட ஒட்டிக்கிட்டு வந்தேன்.

காலையில குழாயடிக்குப் போனா ஒரே கொண்டாட்டம். "சுப்புத்தாயி, ஒங்கய்யா கடைசியில இப்படி நல்ல மனுஷனால்லா போயிட்டாரு! நாங்க என்னென்னமோ பேசிட்டோம், மனசுல வச்சுக்காத"ன்னு இசக்கியம்மாள் என் கன்னத்தைப் புடிச்சுக் கொஞ்சுதா. வேலுத்தாயி சித்தியச் சுத்தி வேற நாலு பேரு. "வெளக்குப் போட்டாராம்லா சித்தி, ஒங்க பிள்ளைக்கு. ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு அவ கையத் தடவிக் குடுக்காளுவ. அவ கொடத்து விளிம்பையே பாத்துக்கிட்டு நின்னா. நான் அவ முகத்தைப் பாக்காம வரிசையில நின்னேன்.

அப்பதான் எங்க அய்யா வந்தாரு. குழாயடிக்கு ஆம்பளைங்க வர மாட்டாவ. சட்டை போடல, தோள்ல துண்டு மட்டும். நேரா வேலுத்தாயி சித்தி முன்னால போயி நின்னாரு. துண்டை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சு உதறினாரு. திரும்பவும் உதறினாரு. மூணாவது தடவை உதறும்போது துண்டு கீழ விழுந்து சகதியில கெடந்துச்சு.

"எம்மா! ரேடியோவுல வந்த மாதிரியேல்லா செய்யுதாரு!"ன்னு ஒருத்தி கத்தினா. அவ்வளவுதான், குழாயடியே அழுவுது. சிலபேரு கையக்கூடத் தட்டினாளுவ. எங்க வீட்டுக்காரரு பல் குச்சியோட வாசல்ல நின்னு, தன் நடிப்பப் பாக்குத மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பாக்காவ. எங்க அய்யா சுத்திச் சுத்திப் பாத்தாரு. "நாடகம் இல்லட்டி, நாடகம் இல்ல"ங்காரு. எவ காதுல விழுந்துச்சு?

வேலுத்தாயி சித்தி குனிஞ்சு துண்டை எடுத்தா. சகதியப் புழிஞ்சு அவரு கையில குடுத்தா. "ஒங்க துண்டுல விழுறதுக்கு என்ன இருக்கு மேஸ்திரி? போட்டுக்கிட்டுப் போங்க"ன்னா. சத்தமாக்கூடச் சொல்லல. எங்க அய்யா துண்டைத் தோள்ல போடாமக் கையிலயே பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாரு.

அவ திரும்பினா. குழாயடியில எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்காளுவ, நான் மட்டும் தரையப் பாத்துக்கிட்டு நிக்கேன். அதைப் பாத்துட்டா. கிட்ட வந்து என் காதோரமா, "ஒனக்குச் சொல்லிட்டாரா?"ன்னா.

நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அவளுக்கு அது போதும்.

"திரின்னே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன் தாயி"ன்னா. "மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. பொறவு, நல்லாத்தான இருக்குன்னு இருந்துட்டேன். அந்த வரிசையில நின்னவளுவ எல்லாம் செத்துப் போயிட்டாளுவ. இனி யாருக்குத் தெரியும்னு இருந்தேன்."

"சித்தியை முன்ன விடுங்கட்டி"ன்னு இசக்கியம்மாள் மூக்கைச் சிந்திக்கிட்டே வழி பண்ணினா. "வேண்டாம்"னுட்டு வேலுத்தாயி சித்தி கொடத்தைத் தூக்கி இடுப்புல வச்சு வரிசைக் கடைசிக்கு நடந்தா. அத்தனை கொடத்தையும் தாண்டிப் போயி, ஓடைப் பக்கம் நின்னுக்கிட்டா. எனக்கு முன்னால ரெண்டே பேருதான் இருந்தாவ. நான் என் கொடத்தை எடுத்துக்கிட்டு அவளுக்குப் பின்னால போயி நின்னேன். அவ திரும்பிப் பாக்கல. எங்க முறை வாரதுக்குள்ள குழாயி நின்னு போச்சு.